மாலை மையத்தில் 22 பிள்ளைகள்: அடிதடி, வாய் திறக்காத பிள்ளை, பெரியவர்களைக் கண்டால் தயக்கம். எங்கிருந்து தொடங்குவது?

ஓஎம்ஆர்_மாலைமையம் கேட்கிறார்:

சென்னையில், பல பகுதிகளிலிருந்து மறுகுடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரில் தினமும் மாலை 5 முதல் 6.30 வரை நடக்கும் படிப்பு மையத்துக்காகக் கேட்கிறேன். 6 முதல் 12 வயது வரை 22 பிள்ளைகள். தன்னார்வலர்கள் இரண்டு பேர். ஒரு கூடம், வெளியே நாலு ஆட்டோ நிறுத்துகிற அளவு இடம். மாதம் 1,500 ரூபாய் செலவுக்குக் கிடைக்கும். அம்மாக்களில் பலர் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங், சிலர் வீட்டு வேலை. அப்பாக்கள் பெயின்டிங், லோடு, ஆட்டோ. வீடு திரும்ப ஏழு, எட்டு ஆகிவிடும்.

படிப்பை எப்படியோ நகர்த்திவிடலாம். பிள்ளைகள் பழகும் விதத்தில்தான் சிக்கல்.

கிரையான், பந்து எது எடுத்தாலும் பறிப்பு, அடிதடி. மூன்று நான்கு பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, அதில் ஒரு ஏழு வயதுப் பெண் பெரியவர்களிடம் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. வெளியாள் யாராவது வந்தால் ஒன்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள், இல்லையென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். பள்ளியில் பாடம் புரியாவிட்டால் டீச்சரிடம் கேட்பதே இல்லை. 11, 12 வயதுப் பையன்கள் மெல்லக் கழன்றுகொள்கிறார்கள்.

நீதிக்கதை சொல்லி, "பகிர்ந்துக்கணும்" என்று அறிவுரை சொல்லிப் பலன் இல்லை. நாள்தோறும் செய்யக்கூடியதாக, இருக்கிற பணத்துக்குள் அடங்குவதாக ஏதாவது சொல்லுங்கள்.

---

தொடக்கக்கல்வி_கடலூர்:

இந்தப் பிள்ளைகளுக்குப் பழகத் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டால் பாதி முயற்சி வீணாகும். இதே பிள்ளைகள்தான் ரேஷன் கடை வரிசையில் அம்மாவுக்கு இடம் பிடிக்கிறார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் மீதிச் சில்லறையைக் கணக்குப் பார்த்து வாங்குகிறார்கள். அம்மா வரும்வரை பக்கத்து வீட்டில் ஒட்டிக்கொண்டு சமாளிக்கிறார்கள். இதெல்லாம் நல்ல பழகும் திறன். பழக்கம் இல்லாதது இரண்டு விஷயத்தில்: காத்திருந்தால் கட்டாயம் கிடைக்கும் என்று நம்பிக் காத்திருப்பது, முன்பின் தெரியாத பெரியவரிடம் தனக்காக வாய் திறப்பது. இரண்டும் பயிற்சியால் வருபவை, அறிவுரையால் வராதவை.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். தன்னார்வலர் ஒருவர் கையில் நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு சண்டைக்கும் நான்கு விஷயம் எழுதட்டும்: மணி, எந்தப் பொருள், யார் யார், அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது. நான்காவதுதான் முக்கியம். வார முடிவில் எடுத்துப் பார்த்தால் சண்டைகள் ஒன்றரை மணி நேரத்தில் பரவலாக இருக்காது, வந்து உட்காரும் நேரம், பொருள் கொடுக்கும் நேரம், ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி, கிளம்பும் நேரம் என்று சில இடங்களில் குவிந்திருக்கும். அந்த இடங்களைச் சரிசெய்தாலே பாதி அமைதி வந்துவிடும்.

கிரையானை எடுத்துக்கொள்ளுங்கள். 22 பேர் நடுவில் இரண்டு பெட்டியைக் கொட்டினால் எந்த வீட்டுப் பிள்ளையும் பறிக்கத்தான் செய்யும். முதலில் ஆளுக்கொரு சின்னப் பெட்டி வாங்கி, மேலே பெயர் எழுதி, மையத்திலேயே வையுங்கள். இரண்டு வாரத்துக்குப் பகிர்வு என்ற பேச்சே வேண்டாம். நேற்று வைத்த பெட்டி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் இருவருக்கு ஒரு பெரிய பெட்டி. ஐந்தாவது வாரம் நால்வருக்கு ஒன்று. அதிலும் சீக்கிரம் தேயும் கறுப்பு, சிவப்பு, பச்சை மட்டும் இரண்டிரண்டு இருக்கட்டும்.

இருவருக்கு ஒன்று என்று வரும்போது இரண்டு வாக்கியத்தை நடித்துப் பழக்குங்கள். கேட்பவர்: "முடிச்சதும் எனக்குத் தர்றியா?" வைத்திருப்பவர்: "இன்னும் கொஞ்சம் இருக்கு, முடிச்சிட்டுத் தர்றேன்." பெரும்பாலும் கேட்கத்தான் சொல்லித் தருகிறோம். பிடுங்காமலும் அடிக்காமலும் "இப்ப இல்லை" என்று சொல்வதும் கற்கவேண்டிய ஒன்று. அப்படிச் சொன்ன பிள்ளை பிறகு உண்மையாகவே கொடுக்கிறதா என்று நீங்கள் கண் வைத்திருக்கவேண்டும். முதல் சில நாள் அது நடக்காமல் போனால் மற்றவர் திரும்பவும் பறிக்கத் தொடங்குவார்.

இதன் பின்னால் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 சிறு பிள்ளைகளை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்டது. படம் வரையப் பழைய பொருளைக் கொடுத்து, "கொஞ்சம் பொறு, நல்லது கொண்டுவருகிறேன்" என்று சொல்லிப் போனார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேருக்கு "இல்லையாம்" என்று வெறுங்கையோடு வந்தார்கள். அதன்பின் மார்ஷ்மெல்லோ மிட்டாய் ஒன்றை முன்னால் வைத்து, தின்னாமல் இருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னார்கள். சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். காத்திருக்கத் தெரியாத பிள்ளை என்று நாம் நினைப்பது பல நேரம் காத்திருந்து ஏமாந்த பிள்ளையாக இருக்கும்.

ஆகவே வெள்ளிக்கிழமை பந்து என்று சொன்னால் வெள்ளிக்கிழமை பந்து இருக்கவேண்டும். முடியாது என்றால் வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள். தன்னார்வலர் வரமுடியாத நாளும் அப்படித்தான்.

அடுத்தது பசி. பள்ளியில் மதியம் சாப்பிட்டது, மாலை 5 மணிக்கு வயிறு காலி. பசித்த பிள்ளையிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. பல மையங்களில் பிள்ளைகள் பாதியில் போய்விடக்கூடாது என்று சுண்டலைக் கடைசியில் கொடுக்கிறார்கள். அது தலைகீழான ஏற்பாடு, வந்தவுடன் கொடுங்கள். ஆளுக்கு 30 கிராம் காய்ந்த கடலை கணக்கு, 22 பேருக்கு 660 கிராம், முந்தின இரவே ஊறவேண்டும். வாரம் மூன்று நாள் கொண்டைக்கடலை அல்லது பட்டாணி கொடுத்தால் உங்கள் பணத்தில் பாதிக்குச் சற்று மேல் இதற்கே போகும். போகட்டும், இதைவிடப் பயனுள்ள செலவு இல்லை.

பரிமாறுவது பிள்ளைகள் முறை வைத்து. ஒரே அளவுக் கரண்டி, ஆளுக்கு ஒரு கரண்டி, பரிமாறுபவர் கடைசியில் எடுத்துக்கொள்வார். இங்கே நடக்கும் தவறு, கடைசியில் வருபவருக்குக் குறைந்துபோவது. அது இரண்டு தடவை நடந்தால் மூன்றாம் நாள் பரிமாற யாரும் வரமாட்டார்கள். பரிமாறுபவரின் பங்கை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.

---

சிறப்புக்கல்வி_மதுரை:

பேசாத பிள்ளைகள் பற்றி மட்டும் சொல்கிறேன். கூச்சம் என்று முடிவு கட்டுவதற்கு முன் சில விஷயங்களைப் பாருங்கள்.

காது. சீழ் வடிகிறதா, எப்போதும் வாயால் மூச்சு விடுகிறதா, நீங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகப் பெயர் சொன்னால் திரும்புகிறதா, பேசுபவர் வாயையே பார்க்கிறதா? திரும்பத் திரும்பச் சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் கோத்துக் கேட்பு மங்கியிருக்கலாம், வெளியே தெரியாது. கூச்சலான கூடத்தில் அந்தப் பிள்ளைக்கு எதுவும் புரியாது, ஒதுங்கிக்கொள்ளும். கண்ணும் அப்படித்தான். அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிகளுக்கு இருமுறையும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழு வரவேண்டும். 2013 முதல் நடக்கும் திட்டம். குறை தெரிந்தால், மேல் பரிசோதனையும் சிகிச்சையும் தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள். எப்போது வருகிறார்கள் என்று பள்ளியில் கேட்டு, உங்கள் சந்தேகத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பிள்ளையின் அம்மா வழியாகக் கொடுத்தனுப்புங்கள். கூட்டத்தில் 30 விநாடி பார்க்கும்போது நழுவிப்போவது அந்தச் சீட்டு இருந்தால் நழுவாது.

வீட்டு மொழி. வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளைக்குத் தமிழ் புரிந்தாலும் வாயில் வர மாதக்கணக்காகும். அது இயல்பு.

தூக்கம். ஒரே அறை வீட்டில் டிவி அணைந்த பிறகுதான் பிள்ளை தூங்கும். பகலில் மந்தமாக, ஒதுங்கி இருக்கும்.

இதெல்லாம் இல்லை, வீட்டில் சரளமாகப் பேசுகிறது, வெளியில் மட்டும் ஒரு மாதத்துக்கு மேலாகப் பேச்சே இல்லை என்றால், அது பிடிவாதம் அல்ல, பதற்றத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும் ஒரு நிலை. அந்த ஏழு வயதுப் பெண்ணின் அம்மாவிடம் முதலில் இதைத்தான் கேளுங்கள்: "வீட்டில் எப்படிப் பேசுறா?" கொட்டித் தீர்க்கிறாள் என்று பதில் வந்தால், குழந்தை மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்வதோடு மையத்தில் இந்தப் படிகளைப் பின்பற்றுங்கள்.

முதலில், தினமும் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் செய்வதைச் சும்மா சொல்லிக்கொண்டே இருங்கள். "பச்சைக் கலர் எடுத்தாச்சு, இலைக்குப் போடறோம்." கேள்வி ஒன்றுகூட வேண்டாம். கேள்வி வந்தாலே உடம்பு இறுகிவிடும். அடுத்து, விரலால் காட்டித் தேர்வு: இதுவா, அதுவா. பிறகு சொல் இல்லாத ஓசை: விசில், காக்கா கத்துவது, ரயில் சத்தம். அதன்பின் அவளுக்குப் பிடித்த ஒரு தோழியின் காதில் ரகசியம். பிறகு கும்பலோடு சேர்ந்து பாட்டு. கடைசியில்தான் தனியாக ஒரு சொல். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரமாவது நில்லுங்கள், தடுமாறினால் ஒரு படி இறங்குங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. "வணக்கம் சொல்லு, அப்பதான் சுண்டல்" என்பது ஒன்று. அவள் முதல் சொல் சொன்ன அன்று எல்லோரும் கைதட்டுவது இன்னொன்று, அத்தனை கண்ணும் ஒரே நேரத்தில் திரும்பினால் மறுநாள் பேச்சு நின்றுபோகும். கேட்டும் கேட்காததுபோல வேலையைத் தொடருங்கள். மூன்றாவது, தோழியே நிரந்தர மொழிபெயர்ப்பாளராக மாறிவிடுவது. இரண்டு வாரத்துக்கு மேல் அவள் வழியாகவே எல்லாம் நடந்தால் இடத்தை மெல்ல மாற்றுங்கள். அவள் காதுபட "இவ பேச மாட்டா" என்று மற்றவர்களிடம் சொல்வதையும் நிறுத்துங்கள்.

இன்னொன்று. நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று ஒடுங்கினால், வீட்டுக்குப் போகப் பயந்தால், உடம்பில் தழும்பு தெரிந்தால், தோண்டித் துருவாதீர்கள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்னதை அதன் சொல்லிலேயே தேதியோடு எழுதிவைத்து, குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

---

ஓஎம்ஆர்_மாலைமையம்:

இருவருக்கும் நன்றி. நோட்டு நாளை முதல் தொடங்கிவிடுகிறோம். ஒரு நன்கொடையாளர் கால்பந்து ஒன்று கொடுத்திருக்கிறார். நான்கு அணியாகப் பிரித்து, மணிக்கட்டில் நிறநிறமாக ரிப்பன் கட்டி, புள்ளி போட்டு நடத்தலாம் என்று யோசனை. சரியா?

---

விளையாட்டு_நெல்லை:

ரிப்பன் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. தென் மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் சாதி அடையாளமாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சாதிப் பகையில் மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. சென்னையில் அந்தச் சிக்கல் இல்லை என்று தோன்றலாம். ஆனால் நிறம் கையில் ஏறிய நிமிடத்திலேயே பிள்ளைகள் அதற்கு ஒரு பொருள் கொடுப்பார்கள். மறுகுடியமர்வுக் குடியிருப்பில் அது "எந்த பிளாக்", "முன்ன எந்த ஏரியா" என்று போய் நிற்கும். அணியைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க விட்டாலும் இதே கதைதான், கடைசியாக நிற்கும் இருவர் தினமும் அதே இருவராக இருப்பார்கள்.

சீட்டில் மிருகப் பெயர் எழுதிக் குலுக்குங்கள். சீட்டு எடுத்தவர் அந்த மிருகம்போலக் கத்திக்கொண்டே தன் கூட்டத்தைத் தேடவேண்டும். அணியும் பிரிந்துவிடும், பேசாத பிள்ளை ஓசை எழுப்பவும் ஒரு சாக்கு. வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

கால்பந்து: 22 பேருக்கு ஒரு பந்து என்றால் நான்கு பையன்கள் ஆடுவார்கள், மற்றவர்கள் ஓரமாக நிற்பார்கள், பெண் பிள்ளைகள் இரண்டாம் நாள் உள்ளேயே உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றுக்கு மூன்று, 4 நிமிட ஆட்டம், காத்திருப்பவர்களுக்கு வேலை: ஒருவர் நேரம், ஒருவர் கோல் கணக்கு, இருவர் கோட்டில். பந்தை வாரம் இரண்டு நாளோடு நிறுத்துங்கள்.

மற்ற நாளுக்கு நம் தெரு விளையாட்டுகளே போதும், காசும் இல்லை. எது எதற்கு என்று தெரிந்து எடுக்கவேண்டும். ஒதுங்கும் பிள்ளைக்குக் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்: இரண்டு பேர், மணலில் ஒரு கரை, ஒரு குச்சி, எதிரில் ஒரே ஒரு முகம். தாங்க முடியாமல் தோற்கிறவர்களுக்குப் பல்லாங்குழி. சாக்பீஸால் தரையில் 14 வட்டம், குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. தோல்வி ஒரே அடியாக வராது, கொஞ்சம் கொஞ்சமாக வரும், கை தொடர்ந்து வேலை செய்யும். தோற்றாலும் எழுந்து போகாமல் உட்காரும் பழக்கம் இதில் வருகிறது. ஆட்ட முடிவில் கொட்டைகளை எண்ணி டப்பாவில் போடுவது தோற்றவர் வேலை அல்ல, இருவர் வேலை. ஆறேழு வயதுக்குக் குலை குலையா முந்திரிக்கா: வட்டத்தில் உட்கார்ந்து, துணி தன் பின்னால் விழும்வரை எழுந்திராமல் இருப்பதுதான் பயிற்சி. 22 பேரும் ஒரே வட்டம் என்றால் ஒருவர் முறை வரவே வராது, சலித்துப்போய்க் கிள்ளத் தொடங்குவார்கள். 8 பேருக்கு ஒரு வட்டம். பூப்பறிக்க வருகிறோம் ஆட்டத்தில் இரண்டு வரிசையும் மாறிமாறிப் பாடுகின்றன. "எந்தப் பூவைப் பறிக்கிறீர்கள்" என்று வரும்போது யார் பெயர் சொல்வது என்று கூடிப் பேசி முடிவெடுக்கவேண்டும். அந்தக் கூடிப்பேசும் நேரத்தை அவசரப்படுத்தாதீர்கள், ஆட்டத்தின் பயனே அதில்தான்.

பெரிய பிள்ளைகளுக்குக் கபடி. உங்கள் கண்ணகி நகரிலிருந்தே கார்த்திகா போய் 2025 ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியிருக்கிறார், எனவே பெண் பிள்ளைகளை இழுப்பது உங்கள் ஊரில் சுலபம். தொட்டார், தொடவில்லை என்ற தகராறுதான் எப்போதும் வரும். முதலிலேயே விதி வையுங்கள்: தொடப்பட்டவர் தானே கை தூக்கினால் அடுத்த சுற்றில் உடனே உள்ளே வரலாம், மறைத்தது தெரிந்தால் ஒரு சுற்று கூடுதலாக வெளியே. நேர்மைக்கு நஷ்டம் இல்லை என்றால் பிள்ளைகள் நேர்மையாகத்தான் இருப்பார்கள்.

புள்ளி முறைக்கு ஒரு வழி சொல்கிறேன். நன்னடத்தை ஆட்டம் என்று 1969இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் தொடங்கியது. 1980களில் பால்டிமோரின் ஏழை மாணவர்கள் படித்த பள்ளிகளில் முதல் வகுப்பிலேயே நடத்தி, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும்வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆரம்பத்தில் மிகவும் முரட்டுத்தனமாக இருந்த பையன்களிடம்தான் பெரிய பலன் தெரிந்தது. செய்முறை: எழுத்து வேலை நடக்கும்போது 10 நிமிடம் மட்டும். மூன்று விதி, செய்யக்கூடாதது அல்ல, செய்யவேண்டியது: இடத்தில் இருக்கிறோம், மெதுவாகப் பேசுகிறோம், கையைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறோம். மீறினால் அணிக்கு ஒரு கோடு, திட்டு இல்லை, பெயர் சொல்வதில்லை. 4 கோடு அல்லது அதற்குக் கீழே இருக்கும் எல்லா அணியும் வெற்றி. நாலு அணியும் ஜெயிக்கலாம், அதுதான் இதன் உயிர். பரிசு பொருளாக இருக்கக்கூடாது. இரண்டு நிமிடம் கத்திக்கொள்ளலாம், நாளை ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அது போதும். ஒரு பிள்ளை வேண்டுமென்றே அணியைக் கவிழ்த்தால் மற்றவர்கள் வெளியில் போய் அடிப்பார்கள். அப்படி ஒருவர் தெரிந்தால் அன்றே அவரைத் தனி அணியாக்கிவிடுங்கள், தண்டனை என்று சொல்லாமல், அவர் கோடு அவருக்கு மட்டும். இரண்டு வாரம் ஒழுங்காகப் போனால் 15 நிமிடம், பிறகு 20.

---

அக்கறையுள்ள_அம்மா_தாம்பரம்:

சமூகப் பணியில் இருப்பதால் வெளியாள், பெற்றோர், பெரிய பிள்ளைகள் இந்த மூன்றையும் சொல்கிறேன்.

நன்கொடையாளர் வரும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட வைப்பது பழகும் பயிற்சி ஆகாது. பெரியவர் என்றால் முன்னால் காட்சிக்கு நிற்கவேண்டும் என்பதைத்தான் அது சொல்லித்தருகிறது. வருபவர் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து நான்கு பிள்ளைகளோடு தாயம் ஆடட்டும். போட்டோ வேண்டாம்.

டீச்சரிடம் கேட்கப் பழக்குவது நடிப்பால்தான் முடியும். வாரம் இரண்டு நாள், ஐந்து நிமிடம். தன்னார்வலர் வேலையாக இருக்கும் டீச்சர், நூலகர், சுகாதார நிலைய நர்ஸ், போஸ்ட் ஆபீஸ் கிளார்க். பிள்ளை செய்யவேண்டியது: பக்கத்தில் போய் நிற்பது, அவர் நிமிரும்வரை பொறுப்பது, தான் யார் என்று சொல்வது, வேண்டியதை ஒரே வாக்கியத்தில் கேட்பது. "மிஸ், மூணாவது கணக்குல கடன் வாங்குற இடம் புரியல" என்பதுபோலக் குறிப்பாக. "ஒண்ணும் புரியல" என்றால் பெரும்பாலும் திட்டுதான் கிடைக்கும், அதோடு வாய் மூடிவிடும்.

நடிப்பில் எல்லோரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. பெரியவர் இனிமையாகப் பதில் சொல்வதுபோலவே நடிக்கிறோம். நிஜத்தில் வருவது "அப்புறம் வா". அதோடு பிள்ளை திரும்பிவிடும், திரும்பப் போகாது. "அப்புறம் வா"வுக்கு அடுத்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுங்கள்: "எப்ப வரட்டும் மிஸ்?" நேரம் வாங்கிக்கொண்டு வரவேண்டும், அந்த நேரத்துக்குத் திரும்பப் போகவேண்டும். இந்த ஒரு கேள்வியால் ரேஷன் கார்டு முதல் கல்லூரிச் சேர்க்கை வரை காரியம் நடக்கும்.

அவர்கள் பேசும் மெட்ராஸ் பாஷையைத் திருத்தாதீர்கள். வீட்டில் அப்பா அம்மா பேசுவது அது. "ஆபீஸ்ல எப்படிக் கேப்போம்?" என்று இன்னொரு பேச்சைச் சேர்த்துக் கொடுங்கள், இருப்பதைப் பிடுங்க வேண்டாம்.

பெற்றோர் கூட்டம் ஞாயிறு காலை 20 நிமிடம், தண்ணீர் வரும் நேரம் பார்த்து. முதல் வாக்கியம் பிள்ளையைப் பற்றிய நல்ல செய்தியாக, குறிப்பாக இருக்கட்டும்: "நேத்து சுண்டல் பரிமாறும்போது சின்னவனுக்குச் சூடு ஆறட்டும்னு ஊதிக் கொடுத்தான்." மையத்திலிருந்து கூப்பிட்டாலே புகார்தான் என்று வந்து உட்காரும் தாய் அதன்பிறகுதான் நிமிர்ந்து பேசுவார். மாதத்துக்கு ஒரே ஒரு விஷயம் கேளுங்கள், பத்து அல்ல. உதாரணம்: சமைக்கும்போது பத்து நிமிடம், இன்றைக்கு யாரோடு விளையாடினாய் என்று கேட்டு, திருத்தாமல் கேட்டுக்கொள்வது. நேரம் இல்லாதவரிடம் தனியாக நேரம் கேட்டால் குற்றவுணர்வு மட்டும்தான் மிஞ்சும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதையும் சொல்லுங்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87இல் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து சாலி கிரான்தாம்-மெக்ரெகர் குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அதில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டு சுகாதாரப் பணியாளர் போய், டப்பா மூடி, அட்டை மாதிரியான கழிவுப் பொருளில் செய்த பொம்மைகளை வைத்துத் தாயும் குழந்தையும் சேர்ந்து ஆடப் பழக்கினார். 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வருகை இல்லாதவர்களைவிட அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் 25 சதவீதம் கூடுதல். பணியாளர் குழந்தைக்குப் பாடம் எடுக்கவில்லை, தாயின் கையைப் பழக்கினார்.

11, 12 வயதுக்காரர்கள் கழன்றுகொள்வது, மையம் சின்னப் பசங்க இடம் என்று தோன்றுவதால். சின்னவர்களை மேய்க்கும் வேலையைக் கொடுத்துத் தக்கவைக்கப் பார்க்காதீர்கள், வீட்டில் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு வாரம் ஒருநாள் 6.30க்குமேல் தனியாக அரை மணி நேரம், உண்மையான வேலை ஒன்றோடு. எரியாத தெருவிளக்கு நல்ல தொடக்கம். மூன்று நான்கு பேர் கம்பத்தின் எண், தெரு, எத்தனை நாளாக எரியவில்லை என்று குறிப்பார்கள். என்ன சொல்லப்போகிறோம் என்று எழுதி, ஒருமுறை நடித்துப் பார்த்து, பெரியவர் பக்கத்தில் இருக்க மாநகராட்சியின் 1913க்கு அழைப்பார்கள். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்கக்கூடாது. ஒரு வாரம் கழித்து அந்த எண்ணைச் சொல்லித் திரும்பக் கேட்பார்கள். யார் பேசுவது, யார் எழுதுவது என்று அவர்களுக்குள் தீர்மானிக்கும்போது சண்டை வரும், வரட்டும். அடி விழாதவரை நீங்கள் நடுவில் போகாதீர்கள்.

---

ஓஎம்ஆர்_மாலைமையம்:

ரிப்பன் யோசனையைக் கைவிட்டாச்சு. கடைசியாக ஒன்று: முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நன்கொடையாளர்கள் அறிக்கை கேட்கிறார்கள்.

---

தொடக்கக்கல்வி_கடலூர்:

மதிப்பெண் போடாதீர்கள். "ஒத்துழைப்பு: 7/10" என்று எழுதினால் அது எழுதியவரின் அன்றைய மனநிலையைத்தான் காட்டும். கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய மூன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஆட்டத்தில் சேரக் கேட்டுச் சேர்ந்தது, பொருளுக்குக் காத்திருந்து வாங்கியது, பெரியவரிடம் உதவி கேட்டது. ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்து எத்தனை தடவை என்று கோடு போடுங்கள். நாளுக்கு இரண்டு பிள்ளைகள் என்றால் பதினொரு வேலை நாளில் 22 பேரும் முடியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒரே பிள்ளையை இரண்டு தடவையும் ஒரே தன்னார்வலர், ஒரே மாதிரி நேரத்தில் பார்க்கவேண்டும், ஒன்று படிப்பு நேரம் இன்னொன்று விளையாட்டு என்றால் ஒப்பிட முடியாது. பார்ப்பது பிள்ளைக்குத் தெரியக்கூடாது.

நோட்டில் சண்டைக் கணக்கும் இருக்கிறது. முதல் மாதம் அது கூடலாம், ஏனென்றால் இதுவரை ஓரமாக நின்ற பிள்ளைகள் உள்ளே வந்திருப்பார்கள். அறிக்கையில் அதையும் அப்படியே எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் மட்டும் அறிக்கையில் வேண்டாம், எண் போதும். பெயர்ப் பட்டியல் மையத்து அலமாரியில் பூட்டி இருக்கட்டும்.